நீராகாரத்தில் அயோடின்

மருந்துக் கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைக் கண்டதும் விதிமுறை கேட்கிறீர்கள். எந்த மருந்தை எந்த அலமாரியில் பூட்டுவது, காலாவதியானதை யார் முன்னிலையில் அழிப்பது, லேபிளில் எது மேலே, எது கீழே. எல்லாம் எனக்கு மனப்பாடம். உட்பிரிவோடு சொல்வேன். என் மனைவி இதற்குச் சாட்சி, விருப்பமில்லாத சாட்சி. ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். மருந்தகத்து வாசலில் கூட்டம் நின்று, கையில் ஒரு சொம்பைத் தூக்கிக் காட்டி, 'இதுக்கு என்ன சொல்றீங்க' என்று கேட்டால் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும்? அந்தப் பக்கம் இன்னும் அச்சாகவில்லை. அதனால் வாயால் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், மங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன அரசு மருந்தகத்தில் இருந்தேன். ஓட்டுக் கட்டடம், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர். கம்பவுண்டர் நான். அப்போதெல்லாம் நம்மை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பட்டம் இருந்தாலும் கம்பவுண்டர்தான், இல்லாவிட்டாலும் கம்பவுண்டர்தான். சமத்துவம் என்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

டாக்டரம்மா சென்னையில் படித்துவிட்டு நேராக அங்கே வந்தவர். வீட்டிலேயே இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர். நோயாளிகளிடம் நல்ல தமிழில் பேச வேண்டும் என்று ஒரு வைராக்கியம். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து, பொறுக்கி, சுத்தமாகச் சொல்வார். எங்கள் ஜனங்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து என்னிடம், "அம்மா என்னங்க சொன்னாங்க?" என்று கேட்பார்கள். மொழிபெயர்ப்பு என் உத்தியோகத்தில் சேர்ந்ததல்ல. ஆனாலும் செய்தேன்.

ஒருநாள் சரசு என்று ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக்கொண்டிருந்த வயசு. கழுத்தின் முன்பக்கம் புடைத்திருந்தது. தாவணித் தலைப்பை எடுத்து அதன்மேல் சுற்றி வைத்திருந்தாள். வலியில்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் வீட்டில் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், கம்பியைக் காய்ச்சிக் கழுத்தில் சூடு போட்டால் கட்டி அமுங்கிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அம்மாக்காரி அதற்கு முன்னால் ஒரு எட்டு இங்கே வந்து பார்த்தாள். அவள் புண்ணியம்.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். விழுங்கச் சொன்னார். கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு என் அறைக்கே ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சார், இது அயோடின் குறைவுதான். கத்தி வேண்டாம், எதுவும் வேண்டாம். சொட்டு மருந்திலேயே சரியாகும்!"

அந்த உற்சாகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அயோடின் குறைவு மலைநாட்டு வியாதி என்றுதான் எங்களுக்குப் பாடம். பரீட்சைக்குப் படித்து மறந்த விஷயம் இதோ கவுன்ட்டருக்கு எதிரே தாவணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடல் உப்பில் அயோடின் இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். கடல் நீரிலேயே சொற்பம்தான் இருக்கிறது, அதுவும் காய்ந்து உப்பாகி வரும்போது நிற்பதில்லை. மீனில் உண்டு. அந்தக் குடும்பமோ முருகனுக்கு விரதம் இருந்து இருந்து மீன் வாசமே அறியாதது. யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷனுக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டிய அயோடின் ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். அந்தத் தேக்கரண்டி இல்லாததால் ஒரு பெண்ணின் கழுத்தைக் கம்பியால் சுடப் போகிறார்கள். இதைவிட மலிவான வெற்றி வைத்தியத்தில் கிடையாது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கரைசலைத் தயாரித்து, வேண்டிய அளவு நீர்த்து, பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, லேபிள் ஒட்டினேன். 'தண்ணீரில் கலந்து குடிக்கவும்.' தெளிவாக, மணிமணியாக எழுதினேன். அம்மாக்காரிக்கு எழுத்துத் தெரியாது. நான் உள்ளே அடுத்த மருந்தைக் கலக்கப் போன நேரத்தில் டாக்டரம்மாவே அவளைக் கூப்பிட்டு வைத்து விளக்கினார். பாலோ, தண்ணீரோ, பழச்சாறோ, எந்தத் திரவத்திலும் கலக்கலாம் என்பது அவர் சொல்ல நினைத்தது. திரவம் என்றால் புரியாதே என்று யோசித்தார். நீர், ஆகாரம் என்று இரண்டு சொல்லைச் சேர்த்தார்.

"நீராகாரத்தில் கலந்து கொடுங்கள் அம்மா."

அம்மாக்காரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். டாக்டர் பேசிய தமிழில் முதல் தடவையாக ஒரு சொல் முழுசாகப் புரிந்த சந்தோஷம் அவளுக்கு இருந்திருக்கும்.

மறுநாள் காலை. நான் கதவைத் திறந்து, தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம். எட்டிப் பார்த்தால் கூட்டம். முன்னால் சரசுவின் அப்பா பொன்னுசாமி, கையில் எவர்சில்வர் சொம்பு. பின்னால் அவரோடு வேலை செய்யும், தறித்துணி வெளுக்கும் சலவைப்பட்டறை ஆட்கள், வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். சரசு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொன்னுசாமி சொம்பை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே நீராகாரம், ராத்திரிச் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர், நிறத்தைப் பார்த்து யாரும் வாய் வைக்காதது. வெள்ளையாக இருக்க வேண்டியது மைக்கூட்டைக் கவிழ்த்தது போல நீலக் கறுப்பாக இருந்தது.

நான் ரசாயனம் படித்தவன். கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும் என்பது பாலபாடம். நடந்தது என்ன என்று சொம்பைப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. அது தெரிந்ததால் எனக்கு ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை.

கூட்டத்தில் ஒருவன், "டாக்டரம்மா புள்ளைக்கு நீலம் போட்டு வெளுத்து உடறாங்களாட்ட இருக்குது" என்றான். வேட்டிக்குத்தான் நீலம் போடுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுசாமி சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கத்தவில்லை. எங்கள் ஊரில் சண்டைகூட மரியாதையோடுதான் வரும், அதனால்தான் அது பயங்கரமாக இருக்கும். "ஏனுங்க, நான் சலவைப்பட்டறைல நிக்கறவன். தறித்துணில கஞ்சி போயிருச்சா, இருக்குதான்னு பாக்கறதுக்கு எங்க மாஸ்டரு ஒரு பாட்டல் வெச்சிருக்கறாரு. ஒரு சொட்டு வெச்சா, கஞ்சி இருந்தா இந்தக் கலரு வரும். இதே பாட்டலு, இதே வாசம். அதுமேல மண்டையோடு போட்டு விஷம்னு எழுதியிருக்குதுங்க. எம்புள்ளைக்கு அதைத்தான் குடுத்தீங்களா?"

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். வெளுப்பும் சாயமுமாகப் பிழைக்கிற இந்த ஊரைத் தவிர வேறெங்கே இந்தக் கேள்வி வரும்? வேறு ஊராக இருந்தால், 'மருந்து கெட்டுப்போச்சு' என்பார்கள், 'காத்துக் கருப்பு' என்பார்கள். சமாளித்துவிடலாம். இந்த மனுஷன் பேய் பிசாசு பேசவில்லை. அவர் பொருளைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டார். அது அதேதான். முடிவு மட்டும்தான் தப்பு. சரியான படிகளில் ஏறித் தப்பான வாசலுக்கு வந்திருப்பவரைக் கீழே இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கையோடு அவர் இன்னொன்றும் சொன்னார். பெருமாநல்லூர் வைத்தியரை வரச்சொல்லி ஆள் போயிருக்கிறது. வந்ததும் சூடு போட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது. இங்கே வந்தது நியாயம் கேட்க மட்டும். சரசு அம்மாவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

டாக்டரம்மா வந்து சேர்ந்தார். நான் அவரை உள்ளே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். நீராகாரம் என்றால் இங்கே பழைய சோற்றுத் தண்ணீர் மட்டும்தான் என்றதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லை எங்கே கற்றார் என்று நான் கேட்கவில்லை.

அவர் மெல்ல, "அது வேற மருந்து, இது வேறன்னு சொல்லிடலாமா சார்?" என்றார். பயத்தில் வந்த யோசனை. பொல்லாத யோசனை இல்லை. ஜாடிகள் வேறு, அளவு வேறு, பெயரைக்கூட வேறாகச் சொல்லலாம்.

விதிமுறை என்ன சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மருந்தின் மேல் புகார் வந்தால் பாட்டிலுக்கு முத்திரை வைத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை அந்த மருந்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது. அருமையான விதி. அதைக் கடைப்பிடித்திருந்தால் என்மேல் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. பதில் வரும்போது சரசுவின் கழுத்தில் தழும்பு ஆறியிருக்கும்.

முத்திரை அரக்கை நான் எடுக்கவில்லை. அதற்குப் பதில், படித்தவன் செய்யும் காரியத்தைச் செய்தேன். விளக்கம் கொடுத்தேன்.

கஞ்சியும் அயோடினும் சேர்ந்த நீலத்தைச் சூடு பண்ணினால் நிறம் போய்விடும், ஆறினால் திரும்பி வரும். இது வெறும் நிறம், விஷமில்லை என்று காட்ட இதைவிட அழகான நிரூபணம் உண்டா? ஸ்பிரிட் விளக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தேன். சொம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, தீயில் காட்டினேன். கூட்டம் எட்டிப் பார்த்தது. நீலம் வெளிறி, வெளிறி, காணாமலே போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழாயைத் தண்ணீரில் நனைத்தேன். நீலம் அடியிலிருந்து திரும்பி ஏறியது.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "கண்கட்டு வித்தைங்க" என்றார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவன் மட்டும் முன்னால் வந்து, ரொம்ப அக்கறையாக, "செவப்பும் வருங்களா?" என்று கேட்டான்.

நான் விடவில்லை. சரி, நானே குடித்துக் காட்டுகிறேன் என்று பாட்டிலை எடுத்தேன். பொன்னுசாமி கையை நீட்டித் தடுத்தார். "நீங்க குடிச்சா உங்க கழுத்துக்குத்தானுங்க ஆகும். எம்புள்ள கழுத்துக்கு என்னங்க ஆகும்?" என்றார். அதற்கும் சிரிப்பு. பாட்டிலைக் கீழே வைத்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை சுருக்கமாக.

"எங்க பட்டறைல இருக்கறது இதுதானுங்களா, இல்லீங்களா? ஒண்ணு சொல்லுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் போதும், பாதிக் கூட்டம் நம்பிவிடும். பொன்னுசாமி நம்பமாட்டார். அவர் மூக்கு அவரிடம் பொய் சொல்லாது. பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் அவருக்கு அது பொய்தான், காலராவுக்குத் தடுப்பூசி என்றாலும், அம்மைக்கு என்றாலும்.

"ஆமாங்க. அதேதான்" என்றேன்.

வாசலில் ஒரு இரைச்சல் எழுந்தது. டாக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பொன்னுசாமி மட்டும் இரைச்சலில் சேரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையை ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்து என்ன சொல்வான் என்று கேட்க ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி ரொம்ப நேரம் திறந்திருக்காது.

நான் கேட்டேன், போன கோடையில் ஊர்க்கிணற்றில் நாங்கள் என்ன போட்டோம் என்று. அவருக்கு நன்றாகத் தெரியும். பேதி பரவிய சமயம் மருந்தகத்தில் பிளீச்சிங் பவுடர் தீர்ந்துபோய், விதிமுறைக்கு முற்றிலும் விரோதமாக அவர் பட்டறையிலிருந்துதான் வாங்கிப் போட்டோம். தூக்கி வந்ததே அவர்தான்.

"அது எங்க பவுடருங்க" என்றார்.

"அதைத் தொட்டியில அளவு தெரியாம கொட்டினா?"

"துணி நைஞ்சு போயிருமுங்க."

"கிணத்துல போட்டமே, அந்தத் தண்ணியைக் குடிச்சீங்களா?"

பின்னால் இருந்து அவர் மனைவிதான், "அல்லாருந்தான் குடிச்சமுங்க. இன்னும் குடிக்கறமுங்க" என்றாள்.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா செய்ததைச் சொல்ல வேண்டும். என்னை விட்டிருந்தால் மத்தியானம்வரை அளவைப் பற்றிப் பிரசங்கம் செய்து, கிடைத்த இடைவெளியையும் அடைத்திருப்பேன். அவர் கதவை விட்டுவிட்டு வாசற்படியில் இறங்கி, கூட்டத்தைப் பார்க்காமல் அம்மாக்காரியிடம் நேரே போனார்.

"தப்பு என்னுடையது அம்மா. நான் சொன்ன வார்த்தை தப்பு. நீராகாரம் என்றால் உங்கள் ஊரில் என்ன என்று எனக்குத் தெரியாது. நீங்கள் நான் சொன்னபடிதான் செய்தீர்கள். கஞ்சியில் கலக்கக்கூடாது. பச்சைத் தண்ணீரில் கலக்கணும்."

ஒரு டாக்டர், கூட்டத்தின் நடுவில், 'தப்பு என்னுடையது' என்று சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பின்னாலும் அதிகம் கேட்டதில்லை. அம்மாக்காரி அதுவரை எல்லோர் பார்வைக்கும் குற்றவாளியாக நின்றவள். விஷத்தைப் பிள்ளைக்குக் கரைத்தவள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "பச்சத் தண்ணீல ஊத்திப் பாருங்க" என்றாள். கேட்கவில்லை. சொன்னாள்.

நான் சொட்டுக் குழாயை எடுத்தேன். எடுத்ததைப் பொன்னுசாமியிடம் நீட்டினேன். வெளியாள் கையில் மருந்து அளக்கக் கொடுக்கக்கூடாது, இதற்கும் விதி உண்டு, எண்ணும் தெரியும். "பட்டறைல அளந்து போடறது நீங்கதானுங்களே. இங்கயும் நீங்களே போடுங்க" என்றேன்.

டம்ளரில் தண்ணீர் வந்தது. டாக்டரம்மா எத்தனை சொட்டு என்று சொன்னார். பொன்னுசாமி குழாயைப் பிடித்த விதத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். உங்களில் பாதிப் பேர் அப்படிப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்தி, டம்ளருக்குள் குனிந்து பார்த்தார். கூட்டமே குனிந்தது.

தண்ணீர் லேசாக, வெளிறின தேநீர் போலப் பழுப்பானது. அவ்வளவுதான். நீலம் வரவில்லை.

டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சலவை முடிந்த துணியைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினார். அவர் தொழிலில் சொட்டு வைத்து நீலம் வராவிட்டால் ஒரே அர்த்தம்தான். அதை நான் யோசிக்கவே இல்லை. என் ஸ்பிரிட் விளக்கும் என் ரசாயனமும் யோசிக்கவில்லை.

பட்டறை ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "சுத்தமா இருக்குதுங்க" என்றார்.

அவர்களும் தலையை ஆட்டினார்கள். பரிசோதனையில் தேறிவிட்டது. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அப்போது சரசு அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அப்பா கையிலிருந்து டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "துருப்பிடிச்ச ஆணியை நக்கினாப்பல இருக்குது" என்றாள். பட்டறை ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்தத் தடவை பொன்னுசாமியும்.

கழுத்து வீக்கம் வற்ற மாதங்கள் பிடித்தன. வற்றியது. அந்தப் பெருமை அயோடினுக்குச் சேரவேண்டும், அதில் நமக்குப் பங்கில்லை. நமக்கு உரியது அந்தக் காலைப்பொழுது மட்டும்தான். அதனால் உங்களிடம் இரண்டே இரண்டு சொல்கிறேன். எதில் கலக்க வேண்டும் என்று கேட்டால் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். தண்ணீர், பால், மோர். வகையின் பெயரைச் சொல்லாதீர்கள், அது ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பானைக்குள் இருக்கும். இன்னொன்று, எதிரே நிற்பவனுக்குப் பாதி தெரிந்திருந்தால், தெரிந்த பாதியை மறுக்காதீர்கள். மீதிப் பாதியைச் சொல்ல உங்களுக்கு வழியே இருக்காது.

டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெருமாநல்லூர் வைத்தியர் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பழைய சைக்கிளில், கம்பிகளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு. நல்ல மனுஷன், பாவம், வெயிலில் மிதித்து வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டதோ என்று பதறி, வேப்பமரத்தடியில் கல்லைக் கூட்டிவைத்து, "அடுப்பை மூட்டிரட்டுங்களா?" என்று கேட்டார்.

பொன்னுசாமி மருந்துப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே பதில் சொன்னார்.

"மூட்டுங்க சாமி. மூட்டி, ஒரு டீ வெச்சுக் குடிச்சுப்போட்டுப் போங்க."